லீவுக்காகச் செத்த அக்கா

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலம். நீ நலமா என்று கேட்டால் ‘நலம்’ என்று ஒரே வார்த்தை எழுதிக் கையைக் கழுவிவிடுவாய். அதனால் விவரமாகக் கேட்கிறேன். சாப்பாடு இறங்குகிறதா? புது மாத்திரையில் தலைசுற்றல் நின்றதா? எடை பார்த்தாயா?

போனில் இதையெல்லாம் கேட்க முடியவில்லை. உன் அறையில் ஆறு பேர். இங்கே உன் அத்தான் பக்கத்திலேயே இருக்கிறார். உனக்கு எச்.ஐ.வி. என்று எழுதிய காகிதத்தை என்னிடம் மட்டும்தான் காட்டினாய். மூன்று வருஷமாக நான் அதைப் பற்றி அவரிடம்கூட மூச்சு விடவில்லை.

முன்பு நீ வேலை பார்த்த ஓட்டல் சமையல்கட்டில் எவனோ உன் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் உன் தட்டையும் துணிப்பையையும் வாசலில் வைத்தார்களே, அது இந்த இடத்திலும் நடந்துவிடக் கூடாது. மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி வை. மாதம் ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால்தானே அடுத்த மாதத்து மாத்திரை? அதற்கு லீவு தருவார்களா? கேட்காமலே வேலையில் சேர்ந்திருப்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு?

இங்கே பள்ளிச் சீருடை ஆர்டர் வந்திருக்கிறது. மிஷினில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, வயசு. அத்தானின் லாரி ஆபீசில் பச்சை மசிப் பேனா ஒரு டஜன் கொடுத்தார்கள். தீரும்வரை உனக்குப் பச்சைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நலம். கோபப்படாதே, மேலும் எழுதுகிறேன். சாப்பாடு இறங்குகிறது. தலைசுற்றல் குறைந்துவிட்டது.

இது சலவை ஆலை. ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். கீழே துவைப்பார்கள், நடுவில் சூடான உருளையில் தேய்ப்பார்கள், மேல்மாடியில் நாங்கள் மடிப்போம். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, உதறி, பாதியாக்கி, எதிரே நடந்துபோய் என் மூலைகளை அவன் கையில் கொடுக்க வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை இதே நடைதான். கூலியும் ஜோடிக்குத்தான். ஒருத்தன் வராவிட்டால் மற்றவனுக்கும் அன்றைக்கு ஒன்றும் இல்லை. என் ஜோடிக்குக் ‘கண்ணாடி’ என்று பெயர். அவன் போட்டிருக்கும் கண்ணாடி அவ்வளவு தடிமன்.

லீவு கேட்டாயே. நெருங்கிய சொந்தத்தில் மரணம் என்றால் மட்டும் உண்டு. யார் என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதனால் சித்தப்பாவைக் கொன்றுவிட்டேன். நம் வீட்டுப் பங்கை விழுங்கி ஏப்பம் விட்டவர்தானே, ஒரு தடவை எனக்காகச் சாகட்டும். “எப்படி ஆச்சு?” என்று சூப்பர்வைசர் அம்மா கேட்டார். “தூக்கத்துலயே போயிட்டாரும்மா” என்றேன். “கொடுத்து வெச்சவர்” என்றார்.

மாத்திரை வாங்கிவிட்டேன். உன் கடிதம் நல்லவேளையாக நேராக என் கையிலேயே கிடைத்தது, இனிமேல் ஆலை முகவரிக்கே போடு. அறைக்கு வந்தால் ஆறு பேரும் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார்கள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.
தம்பி

பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலம். சித்தப்பாவை நேற்றுக் கடைத்தெருவில் பார்த்தேன். செத்தவர் மாதிரியே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனாலும் மாதத்துக்கு ஒருத்தர் என்றால் நம் குடும்பம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சர்க்கரை வியாதி, மாதாமாதம் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பாரேன். அது வீட்டுக்கு வீடு இருக்கிறது, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சீருடையில் பாதியை எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தைக்கக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நானும் இப்போது உன் கட்சி. வேறொன்றும் இல்லை.

பதிலைத் தாமதிக்காதே.
அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நலமாகவே இருக்கிறேன். மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறது.

சர்க்கரை யோசனை உதவாது. உருளையில் தேய்க்கிற ஒருத்தன் அதைத்தான் சொல்லி லீவு கேட்டான். உடம்பு சரியானதும் வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அதனால் பிப்ரவரியில் அத்தையைக் கொன்றேன். மார்ச்சிலும் அத்தை என்றதும் சூப்பர்வைசர் அம்மா பதிவேட்டைப் பின்னால் புரட்டி, “இவங்க போன மாசமே இறந்துட்டாங்களே?” என்றார். “அது பெரிய அத்தைம்மா. இது சின்னவங்க” என்றேன். நமக்கு இருப்பதே ஒரு அத்தைதான். எப்படியோ சமாளித்தேன்.

கண்ணாடிக்குத்தான் கடுப்பு. “உன் சொந்தக்காரங்க சாகறதுக்கு என் வீட்டு அடுப்பு ஏன்டா அணையணும்?” என்றான். அவன் கேட்டது நியாயம்தான்.

இந்த மாதம் கவலையில்லை. கூலியோடு இரண்டு நாள் லீவு கிடைத்தது. யாருக்காக என்று மட்டும் கேட்காதே.

தம்பி

ஏப்ரல் 11

மதிப்புக்குரிய குடும்பத்தாருக்கு,

வணக்கம். நான் சலவை ஆலையின் மடிப்புப் பிரிவுச் சூப்பர்வைசர். எங்களிடம் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுத் தம்பியின் அக்கா காலமானார் என்று அறிந்து வருந்துகிறேன். முகவரியை அவருக்கு வரும் கடிதங்களின் உறையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

பதினேழு வருஷமாக லீவுக்கு அழுகிறவர்களைப் பார்த்துவருகிறேன். பாதிக்கு மேல் நடிப்பு. இந்தப் பிள்ளை அழுதது நிஜம். பேசவே முடியாமல் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா அவருக்கு எப்படிப்பட்டவராக இருந்திருப்பார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

எங்கள் பிரிவின் சார்பில் இரண்டு படுக்கை விரிப்புகள் அனுப்பியிருக்கிறேன். ஓரத் தையல் பிசகியதால் ஓட்டல்காரர்கள் திருப்பியவை, மற்றபடி புதியவை. ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சூப்பர்வைசர், மடிப்புப் பிரிவு

ஏப்ரல் 19

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் இறந்தவரின் தங்கை எழுதுகிறேன். உங்கள் கடிதமும் விரிப்புகளும் கிடைத்தன. இந்தக் காலத்தில் யார் இப்படி விசாரிக்கிறார்கள்?

அக்கா மிகவும் நல்லவள், தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபம் வரும், ஆனால் அதில் நியாயம் இருக்கும். விரிப்பின் ஓரங்களைப் பிரித்து நானே சரியாகத் தைத்துவிட்டேன். உங்கள் தையல்காரர் நூலை ரொம்ப இறுக்குகிறார், சொல்லிவையுங்கள்.

ஒரு வேண்டுகோள். தம்பிக்கு மாதம் ஒரு திங்கட்கிழமை ஒரு சொந்த வேலை இருக்கிறது. தப்பான வேலை இல்லை, என்னை நம்பலாம். எங்கள் குடும்பத்தில் இனிச் சாவதற்கு ஆள் இல்லாததால் நேராகவே கேட்டுவிட்டேன்.

நன்றியுடன்,
தங்கை

ஏப்ரல் 19

தம்பிக்கு,

செத்துப்போன அக்கா எழுதுவது. நான் நலம், நீ நலமா?

உன் சூப்பர்வைசர் அம்மா இரங்கல் கடிதம் போட்டிருக்கிறார். தபால்காரர் கொடுத்ததை வாசலில் நின்றபடியே படித்தேன். நல்லவேளை, அத்தான் லாரியில் போயிருந்தார். என்னைக் கொல்ல உனக்கு எப்படியடா மனசு வந்தது? படித்ததும் ஆத்திரமாக வந்தது. நீ அழுதாய் என்ற இடம் வந்ததும் நானும் உட்கார்ந்து அழுதேன். என் சாவுக்கு நானே அழுதது வெளியில் தெரிந்தால் சிரிப்பார்கள்.

என் தங்கை என்று சொல்லி அவருக்குப் பதில் போட்டிருக்கிறேன். நமக்குத் தங்கை கிடையாது என்று உளறிவைக்காதே. இனி உறையில் அனுப்புநர் ‘தங்கை’ என்றுதான் இருக்கும்.

செத்ததுபற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை. கடைசி ஆளாக என்னைக் கொல்லும் அளவுக்கு அங்கே என்ன நடந்தது? மார்ச்சில் மாத்திரை வாங்கினாயா இல்லையா? ஒரு வார்த்தை போதும், உண்மையாக இருக்கட்டும்.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. ஒரு வார்த்தை எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இல்லை. மார்ச்சில் வாங்கவில்லை.

சின்ன அத்தையை அவர் நம்பவில்லை, லீவும் தரவில்லை. பத்தொன்பது நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன். ஒழுங்காகப் போகிறது என்று உனக்கு எழுதியது பொய். ஏப்ரலில் அந்த மேஜை முன்னால் நின்றபோது வேறு யாரும் மிச்சம் இல்லை. உன்னைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அதற்குப் பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா நன்றாகத் திட்டினார். “இப்படி விட்டு விட்டு முழுங்கினா அப்புறம் எந்த மருந்தும் கேக்காது. சம்பளம் போனா திரும்ப வரும்” என்றார். சம்பளம் போனால் அறைவாடகை போகும், சாப்பாடு போகும், வெறும் வயிற்றில் இந்த மாத்திரை நிற்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் இதே கதைதான், எத்தனை தடவை கேட்பார்?

உன் ‘தங்கை’ கெட்டிக்காரி. மே மாதமும் இந்த மாதமும் சூப்பர்வைசர் அம்மா தானாகவே ‘சொந்த வேலை’ என்று எழுதி லீவு கொடுத்தார். அன்றைக்குக் கண்ணாடியை வேறு ஆளோடு சேர்த்துவிடுகிறார், அவனும் முணுமுணுப்பதில்லை. முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்குகிறேன்.

உன் எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது? உடம்புக்கு என்ன?

தம்பி

ஜூலை 15

தம்பிக்கு,

அத்தான் எழுதுவது. எனக்கு எழுத வராது. உன் போன் மூன்று நாளாக அணைந்து கிடப்பதால் எழுதுகிறேன்.

உன் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஆறு மாதமாக ரத்தம் போயிருக்கிறது, ஒருவரிடமும் சொல்லவில்லை. 24ஆம் தேதி ஆபரேஷன். பயப்பட வேண்டாம் என்கிறார்கள், ஆனால் இரண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஆள் வேண்டுமாம். எனக்கு ரத்தக் கொதிப்பு, எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

உன்னைக் கூப்பிடுகிறேன் என்றால் அவள் சத்தம் போடுகிறாள். அவனிடம் ரத்தம் கேட்கவே கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்குகிறாள். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. உங்களுக்குள் என்ன சண்டையோ எனக்குத் தெரியாது. கூடப்பிறந்தவனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்? உடனே கிளம்பி வா.

அத்தான்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தையல் போட்ட இடம் காய்ந்ததா? குனியாதே, குடம் தூக்காதே. அங்கே இருந்தபோது உன்னிடம் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன்.

அத்தானின் கடிதம் வந்தபோது விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். சூப்பர்வைசர் அம்மாவிடம் லீவு கேட்கப் போய் நின்றேன். யாருக்காக என்று சொல்வது? உனக்காக ஏற்கெனவே லீவு எடுத்தாகிவிட்டது.

“என் அக்கா சாகலைம்மா” என்றேன்.

“தெரியும். உங்க அக்கா அனுப்பின உறையும் பச்சை மசி, தங்கை கடிதமும் பச்சை மசி. கையெழுத்தும் ஒண்ணு. ஏதோ கஷ்டம்னு புரிஞ்சுது, நான் கேக்கல” என்றார்.

அதற்கு மேல் அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆபரேஷனைச் சொன்னேன், ரத்தம் கேட்கிறார்கள் என்பதைச் சொன்னேன். “போய்க் குடுத்துட்டு வா” என்றார். கொடுக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லிவிட்டேன். பதிவேட்டை எடுத்து என் பெயரை எழுதினார். பிறகு, “நாலு நாள் போயிட்டு வா” என்றார்.

ஆஸ்பத்திரியில் அத்தான் என் தோளில் கை போட்டு ரத்தம் எடுக்கிற அறை வாசல்வரை கூட்டிப் போனார். வாசலில் வைத்துச் சொன்னேன். தோளிலிருந்து கையை எடுத்தார். வெளியே போனவர், லாரி நிற்கிற இடத்திலிருந்து இரண்டு டிரைவர்களைக் கூட்டிவந்தார். நான் கிளம்பும்போது “பாத்துப் போ” என்றார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லாதே. மூன்று வருஷம் மறைத்தது நாம்தான்.

ஆறு மாதம் ரத்தம் போனதை என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இங்கே வேலை எப்போதும்போலத்தான்.

தம்பி

செப்டம்பர் 4

உயிரோடிருக்கும் அக்காவுக்கு,

வணக்கம். உடல்நிலை தேறியதா? உங்களைப் பார்த்ததில்லை, ஆனால் உங்களுக்காக ஒரு தடவை வருந்தியாகிவிட்டது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வேலை எப்போதும்போல என்று உங்கள் தம்பி எழுதியிருப்பார். அது சரியில்லை. அன்று அவர் என்னிடம் சொன்னது கண்ணாடி காதில் விழுந்துவிட்டது. தம்பி திரும்பி வந்தபோது கண்ணாடி வேறு மேஜைக்குப் போயிருந்தார். எதிர்முனையைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டதற்கு, “வேலையை விட்டு யாரும் நிறுத்தலையே, ஜோடி இல்லைன்னா கூலி இல்லை, அது எல்லாருக்கும் உள்ள விதிதானே” என்றார். முதல் நாள் முழுக்க உங்கள் தம்பி தலையணை உறைகளை மடித்தார். அதைத்தான் தனியாக மடிக்க முடியும், அதற்குக் கூலி கிடையாது.

எனக்கும் முதலில் பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்டேன். தொட்டால் வராது, விரிப்பு மடித்தால் வராது என்றார்கள். மறுநாளிலிருந்து எதிர்முனையை நான் பிடித்தேன். ஒன்பது நாள். என் இடுப்பு ஒடிந்துவிட்டது.

பத்தாவது நாள் கண்ணாடி வந்தார். “மேடம் மூலை சேர்க்கறதைப் பாக்க சகிக்கல, தள்ளுங்க” என்றார். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் வந்தார். அதில் துணி வழுக்குகிறது, வேலை பாதிதான் நடக்கிறது. இருந்தாலும் வந்தார்.

பதிவேட்டில் உங்கள் சாவை அடிக்க முடியவில்லை. அடித்தால் கூலியோடு கொடுத்த லீவு எப்படி என்று ஆபீசில் கேட்பார்கள். அங்கே நீங்கள் இறந்தவராகவே இருக்க வேண்டும், மன்னியுங்கள்.

சூப்பர்வைசர்

செப்டம்பர் 16

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தையல் காய்ந்துவிட்டது. வேலை எப்போதும்போல என்று எழுதினாயாமே? நம் இரண்டு பேருக்கும் பொய்யில் ஒரே கைதான். நான் மறைத்ததற்கும் காரணம் அதுதான். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று யார் யாரைத் தாங்குவது? இனி நீயும் மறைக்காதே, நானும் மறைக்கவில்லை.

அத்தான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அப்புறம் பேசினாலும் உன் பேச்சை எடுக்கவில்லை. நேற்று லாரியிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி, “மாத்திரை வாங்கிட்டானா அவன்?” என் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

கண்ணாடி ரப்பர் கையுறை போட்டு மடிக்கிறானாமே. துணி வழுக்கத்தானே செய்யும்? என் சாவுக்கு வந்த விரிப்பில் ஒன்றை வெட்டி அவனுக்குத் துணிக் கையுறை தைக்கப்போகிறேன். மெல்லிய துணி, மூலை நன்றாகப் பிடிபடும். குத்திக்காட்ட இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். அவன் பயம் அவனுக்கு. அந்தப் பயத்தோடு வந்து நின்றான் பார், அதற்குத்தான்.

ஆனால் அளவு இல்லாமல் தைக்க முடியாது. என் பழைய அளவு நாடாவை இதோடு வைத்திருக்கிறேன். நீதான் அளக்க வேண்டும். கையுறை மேல் அளந்தால் தொளதொளவென்று வரும். வெறுங்கையை நீட்டுவானா என்று கேட்டுப் பார். நீட்டாவிட்டால் விட்டுவிடு.

அக்கா

செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. மாத்திரை வாங்கிவிட்டேன். அத்தானிடம் சொல்.

நாடாவை நாலு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கேட்கத் துணிவு வரவில்லை. நேற்று மத்தியான இடைவேளையில் அதை அவனே பார்த்துவிட்டு, என்ன என்றான். சொன்னேன். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தான். பிறகு, “உங்க அக்கா செத்ததுக்கு நானும்தான்டா வருத்தப்பட்டேன்” என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

உள்ளங்கைச் சுற்று எட்டேகால் அங்குலம். மணிக்கட்டு ஆறே முக்கால். நடுவிரல் மூன்றேகால். கட்டைவிரல் இரண்டரை. வலது கை இடதைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து அளந்தேன்.

அவசரம் இல்லையாம், மெதுவாகத் தைத்தால் போதுமாம்.

தம்பி